மிச்சக் கட்டியும் மூன்று கையெழுத்தும்

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். மேலூர் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என் கணவருக்கு வயது 46, மினி லாரி ஓட்டுகிறார். ஐந்தாறு வருடமாகவே கை, கால் பருத்துக்கொண்டே வந்தது. கல்யாண மோதிரத்தை வெட்டித்தான் எடுத்தோம். 8-ஆம் நம்பர் செருப்பு போட்டவர் இப்போது 10 போடுகிறார். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிட்டு வந்தவரைப் பார்த்து முதலில் சந்தேகப்பட்டது ஒரு பல் டாக்டர்தான். பிட்யூட்டரியில் 18 மி.மீ. கட்டி, அதனால் வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சுரந்து கை, கால் பருக்கும் அக்ரோமெகாலி என்ற நோய் என்றார்கள். நான்கு மாதத்துக்கு முன் மதுரையில் மூக்கு வழியாக ஆபரேஷன் நடந்தது. இப்போது எடுத்த எம்ஆர்ஐயில் இடது பக்கம் ரத்தக்குழாயை ஒட்டி 7 மி.மீ. மிச்சம் இருக்கிறதாம். வளர்ச்சி ஹார்மோனின் அளவைக் காட்டும் ஐஜிஎஃப்-1 ரத்தப் பரிசோதனை ஆபரேஷனுக்கு முன் 780, இப்போது 412. அந்த லேப் ரிப்போர்ட்டில் 240 வரை இருக்கலாம் என்று போட்டிருக்கிறது. டிஎஸ்எச் 2.1, தைராய்டு நார்மல் என்றார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரை மூன்று வாரத்தில் தீர்ந்தது, பிறகு வாங்கவில்லை. ஆள் சோர்ந்தே கிடக்கிறார். காலையில் எழுந்தால் தலை சுற்றுகிறது, சாப்பாடு இறங்கவில்லை. மாதம் ஒரு ஊசி போட வேண்டும் என்கிறார்கள், விலையைக் கேட்டதும் பயமாகிவிட்டது. இதற்கிடையில் ஆராய்ச்சிக்கு என்று மூன்று பேப்பரில் கையெழுத்துக் கேட்கிறார்கள். எடுத்த கட்டியையும் ரத்தத்தையும் ஜீன் ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ள ஒன்று, கேள்வித்தாள் ஒன்று, புது மாத்திரையைச் சோதித்துப் பார்க்க ஒன்று. என் அண்ணன், "மாப்பிள்ளையைச் சோதனை எலி ஆக்கிவிடுவார்கள், வேண்டாம்" என்கிறார். பக்கத்து ஊரில் பொடி கொடுக்கிறார்கள், அதைச் சாப்பிட்டால் மிச்சமும் கரைந்துவிடும் என்றும் சொல்கிறார்கள். மகன் பத்தாவது, மகள் ஏழாவது படிக்கிறார்கள். அவர்களுக்கும் இது வருமா? நான் என்ன செய்யட்டும்?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

கையெழுத்துகள் இரண்டு வாரம் காத்திருக்கலாம். உங்கள் கடிதத்தில் காத்திருக்க முடியாத வரி ஒன்று இருக்கிறது. ஸ்டீராய்டு மாத்திரை தீர்ந்தது, பிறகு வாங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு அடுத்த வரியிலேயே சோர்வு, காலைத் தலைசுற்றல், சாப்பாடு இறங்காமை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இந்த வாரமே ஒரு ரத்தப் பரிசோதனை செய்தாக வேண்டும்.

பிட்யூட்டரி என்பது மூக்குக்குப் பின்னால், மண்டையோட்டின் அடித்தளத்தில் ஒரு எலும்புக் குழிக்குள் இருக்கும் கொண்டைக்கடலை அளவுச் சுரப்பி. வளர்ச்சி ஹார்மோனைச் சுரப்பதோடு, தைராய்டுக்கும் விதைப்பைக்கும் சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினலுக்கும் உத்தரவு போவதும் அங்கிருந்துதான். கட்டி பல வருடம் அழுத்தியதாலோ, ஆபரேஷனின்போது நல்ல பகுதி கொஞ்சம் பாதிக்கப்பட்டதாலோ அட்ரினலுக்குப் போகும் உத்தரவு குறையலாம். அப்போது கார்டிசால் என்ற ஹார்மோன் குறைந்துவிடும். சோர்வும், காலையில் தலைசுற்றலும், பசியின்மையும், எடை இறங்குவதும் அதன் அடையாளங்கள். ஆபரேஷனுக்குப் பின் கொடுத்த ஸ்டீராய்டு இந்தக் குறையை ஈடுகட்டத்தான். அதை நிறுத்துவதா, தொடர்வதா என்பதை ரத்தம் பார்த்து முடிவு செய்ய வேண்டும். மாத்திரை அட்டை தீர்ந்த நாளே நிறுத்தும் நாளாகிவிடக் கூடாது. இது உங்கள் தவறு என்று சொல்லவில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் "3 வாரம்" என்று எழுதிவிட்டு, மூன்றாவது வாரம் எந்தப் பரிசோதனைக்கு வர வேண்டும் என்று எழுதாமல் விட்டால் இப்படித்தான் ஆகும்.

கார்டிசால் பார்க்கக் காலை 8 மணியிலிருந்து 9 மணிக்குள் ரத்தம் கொடுக்க வேண்டும். மதியம் எடுத்தால் நல்ல ஆரோக்கியமானவருக்கே குறைவாகத்தான் வரும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மதுரைக்கு வந்து சேர நேரமாகும் என்றால் மேலூரிலேயே அந்த நேரத்தில் ரத்தம் எடுத்து அனுப்பும் லேபில் கொடுங்கள். அமெரிக்க எண்டோகிரைன் சங்கத்தின் 2016 வழிகாட்டுதல்படி, காலைக் கார்டிசால் ஒரு டெசிலிட்டருக்கு 3 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு உண்டு. 15-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் இல்லை. இடையில் வந்தால் ஒரு ஊசி போட்டு அட்ரினலைத் தூண்டிப் பார்க்கும் பரிசோதனை தேவைப்படும்.

குறைவு என்று தெரிந்தால் ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை ஒரு நாளைக்கு மொத்தம் 15 முதல் 20 மி.கி. பிரித்துக் கொடுப்பார்கள்: எழுந்தவுடன் 10, மதியம் 5, தேவையானால் மாலையில் இன்னொரு 5. காய்ச்சல் வந்தால் அந்த நாட்களில் இரட்டிப்பாகச் சாப்பிட வேண்டும். வாந்தியெடுத்து மாத்திரை வயிற்றில் நிற்கவில்லை என்றால் 100 மி.கி. ஊசி போட்டாக வேண்டும், வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. ரத்தம் கொடுப்பதற்கு முன்பே அவர் வாந்தியெடுத்துத் துவண்டு படுத்தாலும் இதே விதிதான். ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் மேலூர் அரசு மருத்துவமனைக்கோ, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கோ கொண்டுபோய், "பிட்யூட்டரி ஆபரேஷன் ஆனவர், கார்டிசால் குறைவாக இருக்கலாம், ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. தேவைப்படலாம்" என்று சொல்லுங்கள். இதே வாக்கியத்தை ஒரு அட்டையில் எழுதி, அவருடைய டிரைவிங் லைசென்ஸோடு சேர்த்து வைத்துவிடுங்கள். அவசரத்தில் யார் கூட இருப்பார்கள் என்று தெரியாது.

அதே ரத்தத்தில் சோடியமும் ஃப்ரீ டி4 என்ற தைராய்டு ஹார்மோனும் பார்க்கச் சொல்லுங்கள். டிஎஸ்எச் 2.1 என்பதால் தைராய்டு நார்மல் என்று உங்களிடம் சொன்னது சரியான முடிவாக இருக்க வேண்டியதில்லை. தைராய்டை வேலை வாங்கும் டிஎஸ்எச்சைச் சுரப்பதே பிட்யூட்டரிதான். அது பாதிக்கப்பட்டவருக்கு டிஎஸ்எச் நார்மலாகத் தெரிய, உடம்பில் தைராய்டு ஹார்மோன் குறைந்திருக்கலாம். ஃப்ரீ டி4 குறைந்திருந்தாலும், கார்டிசாலைச் சரிசெய்யாமல் தைராக்சின் மாத்திரையைத் தொடங்கக் கூடாது. தைராக்சின் இருக்கிற கொஞ்சநஞ்சக் கார்டிசாலையும் வேகமாகச் செலவழித்துவிடும். சோர்வாக இருந்தவர் மயங்கி விழும் நிலைக்குப் போகலாம். இந்த வரிசையை எந்த மருத்துவரிடமும் தயங்காமல் நினைவூட்டலாம்.

தலைசுற்றலுக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். வளர்ச்சி ஹார்மோன் கூடினால் சர்க்கரையும் கூடும். ஆபரேஷனுக்குப் பின் அந்த ஹார்மோன் பாதியளவு இறங்கியிருக்கிறது. பழைய அளவிலேயே சர்க்கரை மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், குறிப்பாக கிளிமிபிரைடு வகையாக இருந்தால், விடிகாலையில் சர்க்கரை இறங்கிவிடும். தலை சுற்றுகிற அந்த நேரத்திலேயே குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டு ரத்தம் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிட்டு அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். காரணம் பிடிபடும் வரை அவர் வண்டி ஓட்ட வேண்டாம். இந்த நோயில் நாக்கும் தொண்டைச் சதையும் தடித்துவிடுவதால் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதும், அதனால் பகலில் கண்ணைச் சொருகுவதும் அதிகம். குறட்டை பலமாக இருந்தால் தூக்கப் பரிசோதனையும் அவசியம். நான்குவழிச் சாலையில் ஸ்டியரிங் பிடிப்பவருக்கு இது அலட்சியப்படுத்தக் கூடிய விஷயமே கிடையாது.

குனியும்போது மூக்கிலிருந்து தண்ணீர்போலத் தெளிவாக, உப்புக் கரிக்கிற சொட்டு விழுகிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். இருந்தால் உடனே ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போங்கள். மூளையைச் சுற்றியுள்ள நீர் கசிவதாக இருக்கலாம், விட்டால் மூளைக்காய்ச்சல் வரும்.

இனி மிச்சக் கட்டி. 7 மி.மீ. விட்டுவிட்டார்கள் என்று ஆபரேஷன் செய்தவர் மேல் வருத்தப்படாதீர்கள். பிட்யூட்டரிக்கு இரண்டு பக்கமும் மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயும், கண்ணை அசைக்கும் நரம்புகளும் ஒரே அறைக்குள் ஓடுகின்றன. கட்டி அதற்குள் நுழைந்திருந்தால், முழுவதும் சுரண்டியெடுக்க நினைப்பவர்தான் ஆபத்தானவர். நடுவில் இருந்ததை எடுத்து, பக்கவாட்டில் இருந்ததை விட்டதில் 780 என்பது 412 ஆகியிருக்கிறது. இது புற்றுநோயும் இல்லை. பிட்யூட்டரிக் கட்டி உடம்பின் வேறு பாகங்களுக்குப் பரவுவது மிக மிக அரிது. ஆனால் 240 இருக்க வேண்டிய இடத்தில் 412, அதாவது 1.7 மடங்கு, பல வருடம் நீடித்தால் இதயமும் மூட்டுகளும் தேயும், சர்க்கரை கட்டுக்குள் நிற்காது. ஐஜிஎஃப்-1 இயல்புக்கு வந்துவிட்டால் இந்த நோயால் கூடும் உயிராபத்து ஏறத்தாழ மற்றவர்களின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஆகவே மருந்து தேவை. நாளைக்கே என்ற அவசரம் மட்டும் இல்லை.

ஊசியின் விலைக்குப் பயந்தீர்கள். அதற்கு முன்னால் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "கேபர்கோலின் மாத்திரையை முதலில் பார்க்கலாமா?" ஐஜிஎஃப்-1 இரண்டு, இரண்டரை மடங்குக்குள் இருப்பவர்களுக்கு இது பொருத்தமான கேள்வி. 2011-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், இந்த மாத்திரையை மட்டும் எடுத்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஐஜிஎஃப்-1 இயல்புக்கு வந்தது. வாரத்துக்கு இரண்டு தடவை 0.5 மி.கி. என்று தொடங்கிக் கூட்டுவார்கள், ஊசியோடு ஒப்பிட்டால் செலவு சொற்பம். இரவில் சாப்பாட்டுக்குப் பின் போட்டால் குமட்டல் குறையும். சட்டென எழுந்தால் தலை சுற்றும் என்பதால், கார்டிசால் விவகாரம் தீர்ந்த பிறகே தொடங்க வேண்டும். இன்னொன்று, இதை வீட்டில் உள்ளவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். சிலருக்கு இந்த மாத்திரை மனக்கட்டுப்பாட்டைத் தளர்த்திவிடுகிறது. இதுவரை இல்லாத பழக்கமாக ஆன்லைன் ரம்மி, சீட்டு, கண்மண் தெரியாத செலவு என்று தொடங்கினால் அது மருந்தின் விளைவாக இருக்கலாம். சண்டை போடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஊசிதான் என்றால் ஆக்ட்ரியோடைடு 20 மி.கி. அல்லது லான்ரியோடைடு 90 மி.கி., 28 நாளுக்கு ஒரு முறை. தொடங்கும் முன் பித்தப்பைக்கு ஒரு ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இந்த மருந்தில் கல் சேரும். மூன்று ஊசி முடிந்து, நான்காவதைப் போடுவதற்குச் சற்று முன் ஐஜிஎஃப்-1 பார்த்து அளவைக் கூட்டவோ குறைக்கவோ செய்வார்கள். ஊசி வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன் அது எப்படிப் போடப்பட்டது என்று விசாரிக்க வேண்டும். மருந்து 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் மதுரையிலிருந்து மேலூர் வரை பையில் வைத்துப் பேருந்தில் கொண்டுபோனால் குளிர் நிற்காது. ஐஸ் கட்டியோடு ஒட்டி வைத்து உறைந்துபோனாலும் மருந்து பாழ். ஆக்ட்ரியோடைடு தூளாக வரும். போடுவதற்குக் குறைந்தது அரை மணி நேரம் முன் வெளியே எடுத்து வைத்து, திரவத்தை விட்டபின் தூள் முழுவதும் நனைய விட்டு, கட்டி இல்லாமல் கலந்து, அந்த நிமிடமே புட்டச் சதைக்குள் ஆழமாகப் போட வேண்டும். கலந்துவிட்டு வேறு நோயாளியைப் பார்க்கப் போய்த் திரும்பினால் மருந்து அடியில் படிந்து ஊசி அடைத்துக்கொள்ளும். கொழுப்பில் போட்டால் மருந்து ஒழுங்காகச் சேராமல் முடிச்சாக நிற்கும். ஊரில் ஊசி போடுபவரிடம் கொடுத்துப் போட்டுக்கொள்வதைவிட, மாதம் ஒரு தடவை மருத்துவமனைக்கே வந்து போட்டுக்கொள்வதுதான் நல்லது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வாங்கியிருப்பீர்கள். ஊசிக்கு அனுமதி கேட்க முடியுமா என்று மருத்துவமனையில் இருக்கும் திட்ட அலுவலரிடம் டாக்டரின் கடிதத்தோடு போய்க் கேளுங்கள். ஊசிக்கும் அடங்கவில்லை என்றால் குறிபார்த்துக் கொடுக்கும் கதிர்வீச்சு இருக்கிறது. பலன் தெரியப் பல வருடம் ஆகும், மற்ற ஹார்மோன்கள் மெல்லக் குறையலாம். இப்போது அது பேச்சில் இல்லை.

ஐஜிஎஃப்-1 எப்போதும் ஒரே லேபில் பாருங்கள். இயந்திரத்துக்கு இயந்திரம் எண் மாறும். வேறு லேபில் 350 என்று வந்தால் குறைந்துவிட்டது என்று அர்த்தமாகாது. முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் ரத்தம் கொடுப்பதற்கு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். பல ஹார்மோன் பரிசோதனைகளை அது தப்பாகக் காட்டும். எம்ஆர்ஐ சிடியையும் கட்டாயம் வாங்கி வையுங்கள். கண்ணின் பார்வைப் பரப்பையும் அரவிந்திலோ, அரசு ராஜாஜி மருத்துவமனைக் கண் பிரிவிலோ ஒரு தடவை அளந்து, அந்தத் தாளையும் ஃபைலில் சேருங்கள். கட்டி மேல்நோக்கி வளர்ந்தால் முதலில் குறைவது இரு ஓரத்துப் பார்வைதான். பெருங்குடல் பரிசோதனையும் ஒரு முறை தேவை, இந்த நோயில் குடலில் சதை வளர்ச்சி அதிகம்.

இப்போது கையெழுத்துகள். மூன்றையும் ஒரே கட்டாக நீட்டியிருப்பார்கள். உங்கள் அண்ணனும் அதனால்தான் மூன்றையும் ஒரே தராசில் வைக்கிறார். தனித்தனியாகப் பாருங்கள்.

கேள்வித்தாளில் யோசிக்க ஒன்றுமில்லை, போடச் சொல்லுங்கள். அக்ரோமெகாலி நோயாளிகளின் வாழ்க்கைத்தரத்தை அளக்க 'அக்ரோகுவால்' என்ற 22 கேள்விகள் கொண்ட தாள் உலகம் முழுவதும் பயன்படுகிறது, அநேகமாக அதுவாகத்தான் இருக்கும். ரத்தத்தில் ஹார்மோன் இயல்புக்கு வந்த பிறகும் மூட்டுவலியும் சோர்வும் முகத்தைப் பற்றிய கூச்சமும் பலருக்கு நீடிக்கிறது என்று மருத்துவ உலகம் ஒப்புக்கொண்டதே நோயாளிகள் இப்படிப்பட்ட தாள்களை நிரப்பியதால்தான். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று டாக்டருக்காக எழுத வேண்டாம். கல்யாண வீட்டுக்குப் போகக் கூச்சப்படுகிறார் என்றால் அதுவே பதில்.

கட்டித் திசுவுக்கான தாளிலும் கையெழுத்துப் போடலாம் என்பதுதான் என் கருத்து. ஆனால் சிலவற்றைக் கேட்டுக்கொண்டு. இதற்காக அவர் உடம்பில் புதிதாக எதையும் வெட்டப்போவதில்லை. ஆபரேஷனில் எடுத்த கட்டியை மெழுகுக் கட்டியில் புதைத்து நோய்க்கூறியல் துறையில் வைத்திருப்பார்கள். அதிலிருந்து மெல்லிய சீவல்களும், கையிலிருந்து கொஞ்சம் ரத்தமும் கேட்கிறார்கள். நீங்கள் கேட்க வேண்டியது: முழுக் கட்டியும் போய்விடுமா, அவருடைய சிகிச்சைக்கென்று போதுமான அளவு மருத்துவமனையில் இருக்குமா? இது முக்கியம். வளர்ச்சி ஹார்மோன் கட்டிகளில் செல்லுக்குள் ஹார்மோன் மணிகள் அடர்த்தியாக இருப்பவை ஊசிக்கு நன்றாகக் கட்டுப்படும். மணிகள் அரிதாக இருப்பவை அவ்வளவாகக் கட்டுப்படாது. எம்ஆர்ஐயில் டி2 என்ற வகைப் படத்தில் கருமையாகத் தெரியும் கட்டிகள் முதல் வகையாக இருக்கும் வாய்ப்பு அதிகம். உங்கள் பயாப்சி ரிப்போர்ட்டில் இந்த விவரம் இல்லையென்றால் அந்த மெழுகுக் கட்டியிலிருந்தே பார்த்துச் சொல்ல முடியும். மாதாமாதம் செலவு செய்து ஊசி போடுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது. இதைக் கண்டுபிடித்ததும் இப்படிச் சேமித்த திசுக்களை வைத்துத்தான்.

தாளில் இன்னும் பார்க்க வேண்டியவை: இந்த ஆய்வுக்கு மட்டுமா, பின்னால் வரும் ஆய்வுகளுக்கும் சேர்த்தா என்று இரண்டு கட்டங்கள் இருக்கும், தனித்தனியாக டிக் செய்யலாம். பெயருக்குப் பதில் குறியீட்டு எண் போடுவார்களா? மாதிரி வெளிநாட்டுக்குப் போகுமா? சிகிச்சைக்கு உதவும் முடிவு வந்தால் சொல்வார்களா? பின்னால் மனம் மாறினால் மாதிரியை அழித்துவிடுவார்களா? இவற்றுக்கு எழுத்தில் பதில் இருக்க வேண்டும்.

சம்மதம் என்பதை நான் ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், இந்த நோயின் ஆராய்ச்சி வரலாற்றிலேயே அது மீறப்பட்டிருக்கிறது. அயர்லாந்தில் பிறந்த சார்ல்ஸ் பர்ன் ஏழரை அடிக்கும் மேல் வளர்ந்தவர், 1783-இல் லண்டனில் 22 வயதில் இறந்தார். தன் உடலைக் கடலில் அடக்கம் செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தார். ஜான் ஹன்டர் என்ற அறுவை மருத்துவர் உடலைக் கைப்பற்றி எலும்புக்கூட்டைக் காட்சிக்கு வைத்தார். 1909-இல் அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் அந்த மண்டையோட்டைத் திறந்து, பிட்யூட்டரிக் குழி விரிந்திருப்பதைப் பார்த்தார். 2011-இல் பர்னின் பல்லிலிருந்து எடுத்த மரபணுவில் ஏஐபி என்ற ஜீனில் பிழை இருப்பதும், அதே பிழை வட அயர்லாந்தில் இன்று வாழும் சில குடும்பங்களில் ஓடுவதும் தெரிந்தது. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளை முன்கூட்டியே கண்டுபிடிக்க இது உதவுகிறது. கிடைத்த அறிவு பெரிது. அந்த மனிதருக்கு நடந்தது அநியாயம் என்பதும் மாறவில்லை. அதை வைத்திருந்த லண்டன் ஹன்டேரியன் அருங்காட்சியகம் 2023-இல் மறுபடி திறந்தபோது அந்த எலும்புக்கூடு காட்சியில் இல்லை. இன்று உங்கள் கணவரிடம் தாளை நீட்டிக் கேட்கிறார்கள், மறுக்கும் உரிமையோடு.

மூன்றாவது தாள், புது மாத்திரை. இதில்தான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் அண்ணனின் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள், அதைக் கேள்விகளாக்கி அவரையும் கூட்டிக்கொண்டு போய் ஆய்வு மருத்துவர் முன் உட்காருங்கள். இது எந்தக் கட்டச் சோதனை? மனிதர்களில் எத்தனை பேருக்கு ஏற்கெனவே கொடுத்திருக்கிறார்கள்? ஒரு பிரிவினருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை கொடுப்பார்களா? அப்படியானால் எத்தனை வாரம்? குலுக்கலில் வெற்று மாத்திரை விழுந்தால் அத்தனை வாரமும் அவருடைய 412 அப்படியே நிற்கும். பல வருட நோயில், பார்வைக்கு ஆபத்தில்லாத நிலையில், சில மாதம் தாமதிப்பதைப் பொதுவாகத் தாங்கலாம். ஆனால் சர்க்கரையும் பிரஷரும் தூக்கத்து மூச்சும் அந்த நேரத்தில் நன்றாகக் கவனிக்கப்பட வேண்டும். ஐஜிஎஃப்-1 எவ்வளவுக்கு மேல் போனால், அல்லது என்ன தொந்தரவு வந்தால், ஆய்விலிருந்து எடுத்து வழக்கமான மருந்து கொடுப்பார்கள்? அந்த எண்ணை எழுதி வாங்குங்கள். ஆய்வு முடிந்தபின் மருந்து வேலை செய்தது தெரிந்தால் தொடர்ந்து கிடைக்குமா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்க மறந்துவிட்டு, நல்லபடி கட்டுப்பட்ட மருந்து ஒரு நாள் நின்றுபோகும்போது தவிப்பவர்கள் உண்டு.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனை விதிகளின்படி, சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் தர வேண்டும். பதிவு பெற்ற நெறிமுறைக் குழு அனுமதித்திருக்க வேண்டும், குழுவின் தொடர்பு விவரம் தாளில் இருக்க வேண்டும். விளக்கத் தாள் தமிழில் இருக்க வேண்டும், அதன் ஒரு பிரதி உங்கள் வீட்டுக்கு வர வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முன்னிலையில் படித்துக் காட்ட வேண்டும். இந்தியாவில் நடக்கும் ஒவ்வொரு மருந்துச் சோதனையும் 'சிடிஆர்ஐ' என்ற அரசுப் பதிவேட்டில் இருக்க வேண்டும். 'சிடிஆர்ஐ' என்று தொடங்கும் எண்ணைக் கேட்டு வாங்கி, பத்தாவது படிக்கும் உங்கள் மகனை இணையத்தில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். எண் இல்லை, பிறகு தருகிறோம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஆய்வுக்கான பரிசோதனைக்குப் பணம் கேட்டாலும் அப்படியே. சேர மறுத்தாலோ பாதியில் விலகினாலோ அவருடைய வழக்கமான சிகிச்சை எந்த விதத்திலும் குறையக் கூடாது. விலகும்போது மட்டும் சொல்லாமல் நிறுத்திவிடாதீர்கள்; சில மருந்துகளைப் படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும், கடைசி ரத்தப் பரிசோதனையும் அவர் பாதுகாப்புக்குத் தேவை.

இவற்றுக்கெல்லாம் நல்ல பதில் கிடைத்தால் சேருவதில் தவறில்லை என்பேன். இது அரிய நோய் என்பதால் ஒவ்வொரு நோயாளியின் பங்கும் கனமானது. ஊசிக்குப் பதிலாக வாய்வழி ஆக்ட்ரியோடைடு 2020-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கு அடிப்படையான ஆய்வில் 36 வாரம் பங்கெடுத்தவர்கள் மொத்தமே 56 பேர், அவர்களில் பாதிப்பேருக்கு வெற்று மாத்திரை. பால்டுசோட்டின் என்ற தினசரி மாத்திரை 2025-இல் அங்கே அனுமதி பெற்றதும் இதே மாதிரி சிறு எண்ணிக்கையினர் முன்வந்ததால்தான். ஆனாலும் உங்கள் கணவர் இன்றைக்கு இருக்கும் நிலையில் சேரக் கூடாது. கார்டிசால் குறைவோடு ஒருவர் புது மருந்தைத் தொடங்கினால், வாந்தியும் தலைசுற்றலும் நோயாலா மருந்தாலா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது, அவருக்கும் ஆபத்து. ஸ்டீராய்டு நிறுத்திய கதையை ஆய்வுக் குழுவிடம் முழுதாகச் சொல்லுங்கள்.

பொடி வேண்டாம். என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத பொடிகளில் சில சமயம் ஸ்டீராய்டு கலக்கப்படுகிறது. இவர் உடம்பில் அது இரண்டு கெடுதல் செய்யும். சாப்பிடும்போது தெம்பு வந்ததுபோல் இருந்து கார்டிசால் குறைவை மறைக்கும். நிறுத்தினால் திடீரென்று படுக்க வைத்துவிடும். இதற்குள் கொஞ்சம் சாப்பிட்டுப் பார்த்திருந்தால் டாக்டரிடம் மறைக்க வேண்டாம், யாரும் திட்ட மாட்டார்கள், திட்டினாலும் சொல்லிவிடுங்கள்.

பிள்ளைகளைப் பற்றி. பிட்யூட்டரிக் கட்டிகளில் குடும்பத்தில் ஓடுபவை ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்துதான். உங்கள் கணவருக்கு நாற்பதையொட்டிய வயதில் தொடங்கியிருக்கிறது. அவருடைய அண்ணன் தம்பி, அப்பா, சித்தப்பா வீட்டில் இப்படி யாருக்கும் இல்லையென்றால் பிள்ளைகளுக்கு இப்போது எந்த ஜீன் பரிசோதனையும் தேவையில்லை. ஜீன் ஆராய்ச்சியின் முடிவு வரும்போது ஒன்றைக் கவனியுங்கள். வளர்ச்சி ஹார்மோன் கட்டிகளில் கணிசமானவற்றில், சில ஆய்வுகளில் நூற்றுக்கு நாற்பது வரை, ஜிஎன்ஏஎஸ் என்ற ஜீனில் மாற்றம் தெரியும். அது அந்தக் கட்டிக்குள் மட்டும் பிறந்த மாற்றம், ரத்தத்தில் கிடையாது, பிள்ளைகளுக்குப் போகாது. "ஜீனில் மாற்றம் இருக்கிறது" என்று யாராவது சொன்னால், கட்டியிலா ரத்தத்திலா என்று கேளுங்கள். ரத்தத்தில் என்றால் மட்டும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மரபணு ஆலோசனைக்கு வர வேண்டும். மற்றபடி, பள்ளியில் வருடாவருடம் எடுக்கும் உயரத்தை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். வயதுக்குரிய வேகத்தைத் தாண்டி ஒரே வருடத்தில் தாறுமாறாக வளர்ந்தாலோ, மகளுக்கு வயது வந்தபின் மாதவிலக்கு பல மாதம் நின்று மார்பில் பால் கசிந்தாலோ, விடாத தலைவலியோடு பார்வை மங்கினாலோ காட்டுங்கள். அப்போது அப்பாவுக்கு என்ன நோய் என்பதையும் முதல் வாக்கியத்திலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.